எல்லாவற்றுக்கும் கத்தும் பழைய மெஷின்

எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால், விளக்குமாறும் குடையும் நிற்கிற மூலையில், உலோகம் கண்டுபிடிக்கிற பழைய மெஷின் ஒன்றும் நிற்கிறது. புதிதாக வருகிறவர்கள் அதை உடைந்த மின்விசிறி என்று நினைப்பார்கள். ஒரு நீளத் தடி, அதன் அடியில் சாப்பாட்டுத் தட்டளவு ஒரு வட்டம், கைப்பிடிக்கு மேலே சோற்றுப்பெட்டி போல ஒரு பெட்டி, அதில் இரண்டு குமிழ்கள். திரை கிடையாது. சத்தம் வருகிற இடத்தில் விரிசல் விட்டிருப்பதால், ரப்பர் ஷீட்டில் வெட்டியெடுத்த ஒரு பட்டியால் என் கணவர் அதை இறுக்கிக் கட்டி வைத்திருக்கிறார்.

அவர் ரப்பர்த் தோட்டத்தில் தண்ணீர்க் குழாய்களைப் பார்த்துக்கொள்கிறவர். வெள்ளைக்காரன் காலத்தில் புதைத்த குழாய்கள் எந்த வழியாகப் போகின்றன என்பது மண்ணுக்கு மட்டும்தான் தெரியும். அதை மண்ணிடம் கேட்டுச் சொல்வதற்காகத் தோட்டத்து ஆபீஸ் எப்போதோ வாங்கிய மெஷின் இது. பிறகு திரை வைத்த புதியது வந்தது. பழையதை இரும்புக் கடைக்குத் தூக்கப்போன நேரத்தில் இவர் தோட்டத்து மேனேஜரான பெரிய தொரையிடம் கேட்டு அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். வேலைக்குப் புதியது, ஞாயிற்றுக்கிழமைக்குப் பழையது என்று ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாவனல்லையிலிருந்து ஒரு முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், மோட்டார் சைக்கிளில் மலையேறி வருவார். அங்கே குழாய்ச் சாமான் கடை வைத்திருக்கிறார். கடைக்கு வாங்கிய, திரையில் எண்ணும் படமும் காட்டுகிற புது மெஷின் அவரிடம் இருக்கிறது. இருந்தும் எங்கள் வீட்டுப் பழையதை ஒரு தடவை தூக்கிப் பிடிப்பதற்காகவே வருகிறார் என்பது என் சந்தேகம். இவர்களைப் போன்ற இன்னும் பலர் போனில் ஒரு குழுவாக இருக்கிறார்கள். பழைய மெஷின் போடும் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்புவார்கள். மற்றவர்கள் அது ஆணியா, சோடா மூடியா, கரண்டியா என்று சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னவருக்குப் பெருமை. பரிசு ஒன்றும் இல்லை. சோறு வடிக்கும்போது பக்கத்து அறையிலிருந்து "ஊய்ங்" என்று கேட்கும், உடனே இருவரும் "மூடி" என்பார்கள். எனக்கும் இப்போது மூடி தெரியும் என்பதை இங்கே எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இவர்கள் தோண்டி எடுத்த செல்வங்கள் ஒரு வாளியில் கிடக்கின்றன: கூரைத் தகரத்து ஆணிகள், உடைந்த மம்பட்டி, கத்தரிக்கோலில் பாதி. இவர்களால் நடந்த ஒரே நன்மை, எங்கள் வாசலில் வெறுங்காலோடு நடக்கலாம்.

புதியதை விட்டுவிட்டு இதை ஏன் கொண்டாடுகிறீர்கள் என்று ஒருநாள் நானாவிடம் கேட்டேன்.

"புதுசு படிச்ச மனுசன் மாதிரி தங்கச்சி," என்றார். "நாம கேக்க முந்தியே முடிவைச் செல்லிரும். பழசு முடிவு செல்லாது. கத்தும். என்னண்டு நாமதான் பாக்கோணும்."

நான் படித்தவள். தோட்டத்துப் பாடசாலையில் கற்பிக்கிறேன். அதனால் அந்த முதல் வாக்கியத்தைக் கொஞ்ச நேரம் மனதில் வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு மகள் கைக்குழந்தையாக இருந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. குழந்தை எதற்காக அழுகிறது என்று சொல்லும் ஒரு செயலியைப் போனில் இறக்கி வைத்திருந்தேன். அழுகையை அதற்குக் காட்டினால் "பசி" என்று சொல்லும். மறுபடி காட்டினால் மறுபடியும் பசி. ஒருநாள் குக்கர் விசில் அடித்ததற்கும் பசி என்றது. அதற்குப் பிறகுதான் அதை அழித்துவிட்டு, தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நானே காதால் கேட்க ஆரம்பித்தேன். தூக்கத்துக்கு அழுவது மூக்கிலிருந்து வரும், வயிற்று வலிக்கு அழுவது விட்டு விட்டு வரும். நானா சொன்னது அதுதான் என்று புரிந்தது. ஆனாலும் அவரிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் இன்னொரு மெஷின் வீட்டுக்கு வந்துவிடும்.

எனக்கு இருந்த பயம் வேறு. இந்த நாட்டில் புதையல் தோண்டுவது குற்றம். இப்படி ஒரு தடியைப் பிடித்துக்கொண்டு கண்ட இடத்தில் நின்றால் கேள்வி வரும். அதனால் சில சட்டங்கள் போட்டிருந்தேன். வாசலைத் தாண்டக் கூடாது. கோயில் பக்கம், அரச மரத்துப் பக்கம், ஆற்றோரம் போகவே கூடாது. பழைய காசு மாதிரி எது தென்பட்டாலும் கையை எடுத்துவிட்டு ஆபீசில் சொல்ல வேண்டும். இருவரும் நல்ல பிள்ளைகளைப் போல் தலையாட்டினார்கள். இத்தனை கவனமாக இருந்த வீட்டில்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதையல் என்று ஊரைக் கூட்டியவள் நானேதான்.

அன்று மகளைத் தலைக்கு ஊற்றாமல் குளிப்பாட்டித் துவட்டும்போது ஒரு காதில் தோடு இல்லை.

அவளுக்கு மூன்று வயது. "தோடு எங்கம்மா?" என்று கேட்டேன்.

"சாப்பிட்டேன்," என்றாள்.

இப்போது யோசித்தால், அவள் என்ன கேட்டாலும் அந்த நாட்களில் அப்படித்தான் சொல்வாள். நான் நாள் முழுக்க அவளிடம் கேட்கிற ஒரே கேள்வி சாப்பிட்டாயா என்பது. ஆகவே கேள்வி என்றாலே அதற்குப் பதில் சாப்பிட்டேன் என்று முடிவு செய்திருந்தாள். ஆனால் அந்த நேரத்தில் அது எனக்குத் தோன்றவில்லை. வாயைத் திறக்கச் சொன்னேன், முதுகைத் தடவினேன். தடவலாமா என்று சந்தேகம் வந்து நிறுத்தினேன், நிறுத்தியது சரியா என்று மறுபடி தடவினேன்.

"நேத்து பஸ்ஸையும் சாப்பிட்டேன்னுதான் சொன்னா," என்றார் கணவர். நான் பார்த்த பார்வையில் அவர் மெஷினை எடுக்கப் போனார்.

நான் மிட்வைஃபுக்குப் போன் செய்தேன். பிள்ளை மூச்சு விடுகிறாளா, தண்ணீர் குடிக்கிறாளா, எச்சில் ஒழுகுகிறதா என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். பிள்ளை பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் தோடு கிடைக்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள் என்றார். வாழைப்பழம் கொடுக்கலாமா என்று கேட்டேன். ஏன், பசிக்கிறதா என்று கேட்டார். உடனே ஆட்டோவைக் கூப்பிட்டேன். ஆட்டோக்காரத் தம்பி கீழே கிராமத்துச் சிங்களப் பையன். ரம்புக்கனை ஸ்டேசனில் ஆளை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருப்பதாகவும் வந்துவிடுவதாகவும் சொன்னான்.

அவன் வருவதற்குள் வாசலைத் தேடிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசல் ஒரு சரிவில் முடிகிறது. சரிவுக்குக் கீழே கிராமத்து ரோடு. முதல் நாள் மழையில் விளிம்பு சேறாகிக் கிடந்தது. கணவர் ஒரு கையில் மெஷினையும், மறுபக்க இடுப்பில் இறங்க மாட்டேன் என்ற மகளையும் வைத்துக்கொண்டு அந்த விளிம்பில்தான் முதலில் நடந்தார். அன்றும் வந்திருந்த நானா மறுபக்கம் தன் புது மெஷினோடு போனார். நான் கதவடியில் நின்று, வகுப்பறையில் பழக்கப்பட்ட குரலில், "நிதானமா, நிதானமா போங்க, நிதானமா," என்று கத்திக்கொண்டே இருந்தேன்.

சிங்களத்தில் 'நிதானய' என்றால் புதையல். எனக்கு நன்றாகத் தெரிந்த சொல். கிராமத்துக்காரர்களோடு சிங்களத்தில் வம்பளக்கிறவள் நான். ஆனால் பிள்ளையின் வயிற்றுக்குள் தோடு இருக்கிறதோ என்று நினைக்கிறவளுக்குத் தான் எந்த மொழியில் கத்துகிறோம், அதை யார் எந்த மொழியில் கேட்கிறார்கள் என்றெல்லாம் தோன்றுமா? கீழே ரோட்டில் நின்றவர்களுக்குக் கேட்டது இதுதான்: மேலே லயத்து டீச்சர் நிதான், நிதான் என்று அலறுகிறார். அவர் புருஷன் கையில் மெஷினோடு அலைகிறார். மாவனல்லை முதலாளி முழங்காலில் நின்று மண்ணைக் கிளறுகிறார். நானாக இருந்தாலும் ஏறிப் பார்த்திருப்பேன்.

பந்தடித்துக்கொண்டிருந்தவர்கள் வந்தார்கள். விறகோடு போன இரண்டு அக்காமார் விறகோடு வந்தார்கள். எங்கள் லயத்து ஆட்களும் வந்தார்கள். நான் கூப்பிட்ட ஆட்டோவும் வந்தது. ஆட்டோக்காரத் தம்பி கோயிலில் பேசுகிற குரலில் என் பக்கம் சாய்ந்தான்.

"நிதானயக்த, மிஸ்?"

புதையலா என்று கேட்கிறான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. போட்ட சட்டமெல்லாம் கண்முன் ஓடியது. "நிதான் நெமெய் மல்லி, ஹெமின்," என்றேன். புதையல் இல்லை தம்பி, மெதுவாக என்று சொன்னேன். பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சிங்களத்தில் முழுவதையும் விளக்கினேன். சில முகங்கள் வாடின. ஆனால் பிள்ளை தோட்டை விழுங்கியிருக்கலாம் என்றதும் ஒருவரும் போகவில்லை. ஒரு அக்கா ஓடிப்போய் மாச் சல்லடை கொண்டுவந்தாள்.

தொல்லை அதற்குப் பிறகுதான். ஆளுக்கு ஆள் மெஷினின் அடித்தட்டுக்கு மேல் குனிந்து பார்த்ததில், பழைய மெஷின் ஒவ்வொரு வளையலுக்கும் ஒவ்வொரு சாவிக்கும் கத்தியது. நானா எழுந்து, உடம்பிலுள்ள உலோகமெல்லாம் துணி துவைக்கிற கல்லுக்கு என்று உத்தரவு போட்டார். வளையல், சாவி, போன், குடை, விறகு வெட்டுகிற கத்தி எல்லாம் கல்லில் குவிந்தன. பெல்ட்டையும் கழற்றிய ஒருவர் கடைசி வரை ஒரு கையால் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டே தேடினார்.

ஜம்பு மரத்தடியில் மகள் காலையில் சோறாக்கி விளையாடிய சிரட்டைகள் கிடந்தன. நானா அவற்றுக்கு மேல் தன் மெஷினைக் கொண்டுபோனார். அது சத்தம் போடவில்லை. திரையில் மட்டும் தாள் என்று காட்டியது. பிஸ்கட் சுற்றி வருகிற வெள்ளித்தாள். தாளுக்குக் கத்த வேண்டாம் என்று மெஷினுக்கு முன்பே சொல்லி வைத்திருந்தார். அவர் நகர்ந்த பிறகு என் கணவர் அதே இடத்தில் பழையதை ஆட்டினார். கத்தியது. ஆனால் மூடிக்குக் கத்துகிற மாதிரி இல்லை. அவர் நின்று குமிழைத் திருப்பினார்.

"தாளுதான் தம்பி, ஸ்கிரீன்ல ஈக்கி," என்றார் நானா.

"ஸ்கிரீன்ல இருக்கட்டும் நானா. இதுக்குத் தொண்ட அடைக்குது, கேளுங்க."

எல்லாரும் கேட்டோம். எனக்கும் கேட்டது. பிள்ளை அழத் தொடங்குவதற்கு முன் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு ஒரு சத்தம் போடுவாளே, அந்த மாதிரி மெலிந்த சத்தம். நானா சிரட்டையைத் தன் கையில் கவிழ்த்து மண் சோற்றைப் பிரித்தார். கல், இலை, இன்னும் கொஞ்சம் சேறு, அதற்குள் தோடு.

"என் சோறு," என்று மகள் அழுதாள்.

கூட்டம் சிரித்தது. நானா தன் புது மெஷினின் திரையைச் சட்டையால் மூடினார். நான் தோட்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தேன். பின்னால் பிடித்துக்கொள்கிற திருகாணி இல்லை.

"திருகாணி எங்கங்க?" என்றேன்.

சிரிப்பு நின்றது. தோடு மண்ணில் கிடந்தால் திருகாணியும் மண்ணில்தான் கிடக்கும் என்றார் கணவர். கிடக்கலாம். கிடக்காமலும் இருக்கலாம். தோட்டை விடத் திருகாணிதானே விழுங்கச் சுலபம்? அவர் மெஷினை மகளின் வயிற்றுக்கு நேராகக் கொண்டுவந்தார். அது வீரிட்டது. நான் மகளுக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்தேன்.

"இருங்க, கவுன்ல பட்டன் இருக்கு," என்றார்.

கவுனைக் கழற்றினேன். கத்தியது. அரைஞாணிலுள்ள வெள்ளித் தாயத்தை அவிழ்த்தேன். கத்தியது. மற்றக் காதிலிருந்த தோட்டையும் கழற்றினேன். இன்னும் மெல்ல முனகியது. மகள் தட்டைத் தலைக்கு மேல் தூக்கி விளையாடிக்கொண்டிருந்தாள். அக்கா ஒருத்தி அவள் தலையைக் காட்டினாள். கிளிப்புகள். முதல் கிளிப்பை எடுத்தேன். இரண்டாவதை எடுக்கும்போது, எண்ணெய்ப் பிசுக்கில் சுருண்டிருந்த முடிக்குள்ளிருந்து ஏதோ ஒன்று கழன்று என் மடியில் விழுந்தது. திருகாணி.

"புதுசா இருந்தா கிளிப்புன்னு தெரிஞ்சு பேசாம இருந்திருக்கும்," என்றார் கணவர். இதை அவர் குழுவில் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார் என்று எனக்குத் தெரியாது.

வெறும் உடம்போடு நின்ற மகளின் கழுத்திலிருந்து வயிறு வரை மெஷினை மெதுவாக இறக்கினார். சத்தமே இல்லை. எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அது இப்படி வாயை மூடியிருந்து நான் பார்த்ததில்லை. மகளைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். சேறு, எண்ணெய், சோப்பு எல்லாம் சேர்ந்த ஒரு மணம் அவள் மேல் வந்தது.

கல்லில் குவிந்திருந்தவற்றை ஆட்கள் எடுத்துக்கொள்ளத் தொடங்கினார்கள். கணவர் கிடைத்த தோட்டைக் கழுவி மகளின் காதில் மாட்டினார். நான் மிட்வைஃபுக்கு மறுபடி போன் செய்து, தோடும் கிடைத்தது, திருகாணியும் கிடைத்தது, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமா என்று கேட்டேன்.

"ரெண்டும் கெடச்சா ஏன் போறீங்க?" என்றார். "இப்ப ரெண்டு காதுலயும் தோடு இருக்குதானே? பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன். ஒரு காதில் இருந்தது. மற்றக் காது வெறுமையாக இருந்தது.

நான் கத்தினேனா என்று நினைவில்லை. கத்தியிருக்க வேண்டும். ஏனென்றால் வளையலைப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் அதைத் திரும்பக் கழற்றிக் கல்லில் வைத்தார்கள். பெல்ட்காரர் பெல்ட்டை மறுபடி உருவினார். நானா சல்லடையைத் தேடினார். கணவர் நான் உட்கார்ந்திருந்த இடத்தைச் சுற்றி மெஷினை ஆட்டிக்கொண்டே வந்தார். என் இடப்பக்கம் வந்ததும் அது ஆரம்பித்தது. கிட்ட வர வரப் பெரிதாகி, போன் பிடிக்காத என் மற்றக் கையின் மூடிய விரல்களுக்கு மேல் வந்து நின்று, மெலிந்த அதே குரலில் விடாமல் கத்தியது.

விரல்களைத் திறந்தேன். நானே கழற்றி, நானே இறுக்கிப் பிடித்திருந்த தோடு உள்ளங்கையில் அச்சுப் பதிந்து கிடந்தது.

ஆட்டோக்காரத் தம்பி சிரித்துச் சிரித்து ஆட்டோப் படியில் உட்கார்ந்துவிட்டான். கணவர் சிரிக்காமலிருக்க மெஷினின் குமிழைப் பார்த்துக்கொண்டு நின்றார். போனில் மிட்வைஃப், என்ன அங்கே சத்தம், தோடு இருக்கிறதா இல்லையா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"இருக்குதுங்க மிஸ்," என்றேன். எங்கே இருந்தது என்று அவர் கேட்பதற்குள் போனை வைத்துவிட்டேன்.