இரவல் பெயர்க்காரி

யார் மேல் கோபப்படுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. பதினோரு வருடம் நான் தொண்டை வறளக் கேட்டும் நடக்காத ஒன்றை, ஊருக்கு வந்து ஏழு மாதம்கூட ஆகாத ஒரு மங்கோலியப் பெண் நடத்திவிட்டாள். சந்தோஷப்படவா, வயிறெரியவா?

என் வீட்டுக்காரர் சிபிரி த்ராவொரே எங்கள் தலைநகர் பமாக்கோவில் ஒரு கல்லூரியில் அறைச் சாவிகளைப் பார்த்துக்கொள்கிறவர். அவருடைய அம்மா சொந்த ஊரான செகூவில் மௌத்தான அன்று, இவர் ஏறிய பேருந்து பாதி வழியில் நின்றுவிட்டது. தம்பி லாசினா காத்திருக்காமல் அடக்கத்தை முடித்துவிட்டார். இவர் போய்ச் சேர்ந்தபோது குழி மண் ஈரமாக இருந்தது. மய்யித்தைக் காக்க வைக்கக் கூடாது என்பதும் நியாயம்தான். அண்ணனுக்காக ஒரு மணி நேரம் பொறுத்தால் என்ன என்பதும் நியாயம்தான். அன்றைக்கு நின்றது அண்ணன் தம்பி பேச்சு.

எங்களில் த்ராவொரே என்ற குடும்பப் பெயர்க்காரர்களுக்கும் ஜாரா என்ற பெயர்க்காரர்களுக்கும் கேலி முறை. ஒரு ஜாராவைக் கண்டால் த்ராவொரே ‘பயறு தின்னி’ என்று திட்ட வேண்டும். அவனும் திருப்பித் திட்டுவான், யாருக்கும் கோபம் வரக் கூடாது. ஆனால் அதே ஜாரா வந்து ‘சமாதானமாகப் போ’ என்று கேட்டுவிட்டால் தட்டக் கூடாது. இது தெரிந்துதான் இவர் பதினோரு வருடமாக ஜாரா வீட்டு விசேஷம் எதற்கும் போகவில்லை. முடி வெட்டுகிறவன் ஜாரா என்று கடையையே மாற்றினார். தெருவில் ஒரு ஜாரா தொண்டையைக் கனைத்தாலும் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று நழுவுவார். அதற்காக, கேலி பேசிப் பழகிய வாய் சும்மா கிடக்குமா?

கல்லூரியில் வெளிநாட்டு மாணவர்களோடு வாரம் இரண்டு முறை உட்கார்ந்து பேச ஆள் தேடினார்கள். அவர்கள் நம்மிடம் பம்பாரா பேசிப் பழகுவார்கள், நமக்கு ஆங்கிலம் சொல்லித் தருவார்கள். இவர் பெயர் கொடுத்தார். கால்நடை மருத்துவம் படிக்க வந்த அந்த மங்கோலியப் பெண் சாருலை இவரோடு சேர்த்துவிட்டார்கள். வருகிறவர்களுக்கு நம் குடும்பப் பெயர் ஒன்று வைப்பது வழக்கம்தான். இவர் வைத்த பெயர் ஜாரா!

“என்னங்க, ஊர்ல வேற பேரே கெடைக்கலையா?” என்றேன்.

“அடப் போடி. வெளிநாட்டுப் புள்ள, அதுக்கு என்ன தெரியும்? திட்டுறதுக்கு எனக்கும் ஒரு ஆளு வேணாமா?”

முதல் நாள் ‘பயறு தின்னி’ என்றதும் அவள் திருதிருவென்று விழித்தாள். அடுத்த முறை ஒரு கிலோ பயறு வாங்கிக்கொண்டு வந்து நின்றாள், இவர் கேட்கிறார் என்று நினைத்து. விஷயத்தை விளக்கிச் சொன்ன பிறகு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டாள். நாலாம் மாதம், “உங்க மூக்குல எங்க ஊரு ஒட்டகமே படுத்துத் தூங்கும், த்ராவொரே!” என்றாள். தேநீர் சிந்தச் சிந்தச் சிரித்தார் மனுஷன். அப்படி ஒரு சிரிப்பைக் கல்யாணமான புதிதில்தான் கேட்டிருக்கிறேன்.

அப்புறம் எங்கள் மகள் ரொக்கியாவுக்கு மாப்பிள்ளை அமைந்தது. அவர்கள் சம்பந்தம் பேசிக் கொண்டுவந்த கோலாக்கொட்டையைப் பங்கிட்டு, கல்யாண அழைப்பாகத் தகப்பன் வழி உறவுக்கெல்லாம் அனுப்ப வேண்டும். எல்லாப் பங்கும் போய்விட்டது. லாசினாவின் பங்கு மட்டும் கூடையில் கிடந்தது. அது போகாவிட்டால் சித்தப்பா இல்லாமல் கல்யாணம் நடக்கும். பெரியவர்கள் பகை பிள்ளைகள் தலையிலும் விடியும்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாருல் வெங்காயம் உரிக்க வந்தாள். கூடையைப் பார்த்து, இது யாருடையது என்று கேட்டாள். சொன்னேன். சத்தியமாக நான் தூண்டிவிடவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான். கையைக் கழுவிக்கொண்டு கூடையோடு அவர் முன்னால் போய் நின்றாள்.

“த்ராவொரே, இது உங்க தம்பிக்கு.”

“அத வச்சிட்டு வெங்காயத்த உரி, பயறு தின்னி.”

அவள் சிரிக்கவில்லை. “நான் ஜாரா. நான் கேக்குறேன். வாங்க, போவோம்.”

“நீ ஜாராவா? அது நான் வெளையாட்டுக்கு வச்ச பேரு!”

“அப்ப பேரத் திரும்ப எடுத்துக்கோங்க. எடுத்துட்டா நான் ஒண்ணும் கேக்கல.”

இவர் செருப்பை மாட்டிக்கொண்டு, இரவல் பெயர்க்காரி கேட்டாலும் தட்டக் கூடாதா என்று விசாரிக்க வெளியே ஓடினார். பள்ளிவாசல் இமாம், “இது மார்க்க விஷயமில்ல, என்னை இழுக்காத” என்றாராம். எதிர்வீட்டுக்காரர், ஜாரா வீட்டில் பிறந்தால்தான் ஜாரா என்றாராம். அவர் மனைவியோ கொடுத்த பேர் கொடுத்ததுதான் என்றாளாம். முன்னைவிடக் குழம்பித் திரும்பி வந்து, முற்றத்தில் உட்கார்ந்தார். அந்தப் பெண்ணும் கூடையை இறக்கவில்லை.

“எடுத்துக்க மாட்டேன்,” என்றார் கடைசியில். “குடுத்தத எப்படித் திரும்ப வாங்குறது? டாக்சியக் கூப்பிடு.”

லாசினாவின் வீடு இதே ஊரில் ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான்; மூன்று பேரும் டாக்சியில் ஏறினோம். பாலம் தாண்டுகிறவரை இவர் “எனக்கு ஒண்ணும் புரியல, ஒண்ணும் புரியல” என்று முனகிக்கொண்டே வந்தார். லாசினாதான் கதவைத் திறந்தார். தலை நரைத்துவிட்டிருந்தது. அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சாருல் நடுவில் புகுந்து கூடையை நீட்டினாள்.

“நான் சாருல் ஜாரா.”

லாசினா அவளை ஏற இறங்கப் பார்த்தார். “ஜாராவா? இந்த மூஞ்சியா? எந்த ஊர்ல பயறு திருடப் போயி இப்பிடி ஆன?”

அவள் வாய் திறக்குமுன் இவர் முந்திக்கொண்டார். “வந்த ஒடனே ஒரு கிலோ தூக்கிட்டு வந்தா.”

“ஒரு கிலோதானா? ஜாராவுக்கு அது ஒரு வாய்க்குக் காணாதே! அண்ணே, உள்ள வா. மொதல்ல அடுப்புல இருக்குற பயறுப் பானைய மூடணும்.”

பதினோரு வருடம் கழித்து அந்த ‘அண்ணே’. சொன்னவரும் கவனிக்காத மாதிரி, கேட்டவரும் கவனிக்காத மாதிரி, இரண்டு பேரும் அவளைத் திட்டிக்கொண்டே உள்ளே போனார்கள். கூடை லாசினாவின் கையில் இருந்தது. நான் வாசலில் நின்று அழுதேன்.

சாருல் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். “அக்கா, சண்டை முடிஞ்சிருச்சா, இன்னும் போடுறாங்களா?”

“எனக்கும் தெரியலடி,” என்றேன்.