அந்தச் சேர்ட்டின் நீலம்

யுத்த காலம். கண்டியில் நான் வேலை செய்த ஸ்டூடியோவுக்குப் புதுக் கம்பியூட்டர் வந்திருந்தது. அதன் திரையில் எல்லா முகங்களும் மஞ்சளாகவே தெரிந்தன. நிற அமைப்பை எப்படி மாற்றியும் சரிவரவில்லை, எனக்கு அலுத்துவிட்டது.

ஹந்தானை மலைப் பனி கண்ணாடிக் கதவில் படிந்திருந்த ஒரு காலையில், யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் வந்தார். காணாமல்போன கணவர் நகமளவே தெரிந்த குழுப்படம் ஒன்றைத் தந்தார். அவரை மட்டும் திரையில் பெரிதாக்கினேன்.

“சேட்டு இந்த நிறமில்லை, தம்பி. தோய்க்காமல் வச்சிருக்கிறன், பாருங்கோ,” என்று, படத்தில் அவர் போட்டிருந்த அதே சேர்ட்டைப் பைக்குள்ளிருந்து எடுத்தார்.

“திரைக்குப் பக்கத்துல அப்படியே பிடிச்சிக்கிட்டு இருங்கக்கா.”

நிற அமைப்பை மெல்ல மெல்ல மாற்ற, இரண்டு நீலமும் ஒன்றாயின. முகத்திலும் உயிர் வந்தது.

“ஓம், இப்ப இவர்தான்,” என்றார். சேர்ட்டை அவர் இறக்கவில்லை.

அந்த அமைப்பை நான் பிறகு மாற்றவே இல்லை. அங்கே நான் அச்சடித்த மணப்பெண்களும் குழந்தைகளும் அந்தச் சேர்ட்டினால்தான் நிறம் பெற்றார்கள். அவர்களில் யாருக்கும் அது தெரியாது.