மஸாஹிரின் புதுக் கிராங்க்

எத்தாளை ஊரில் மஸாஹிர் எதையாவது அவசரப்பட்டுச் செய்ததாகச் சாட்சி சொல்ல ஒருவரும் இல்லை. முப்பத்தாறு வயதில் கலியாணம் முடித்தார். கூரையில் ஒழுக்கு விழுந்து மூன்றாவது மாரி வந்தபோது ஓடு மாற்றினார். கருவாடு காயவைக்கும் வாடியில் மீன் நிறுப்பது அவருடைய தொழில். தராசு முள் அசையாமல் நிற்கும்வரை காத்திருப்பார். அதற்குள் மீன் காய்ந்து நிறை குறைந்துபோகிறது என்று மீனவர்கள் முணுமுணுப்பார்கள்.

இப்படிப்பட்ட மனிதருக்கும் வெல்வதற்கென்று ஒரு போட்டி உலகத்தில் இருந்தது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் பாடசாலை மைதானத்தில் நடக்கும் விளையாட்டு விழாவில், மெதுவாகச் சைக்கிள் ஓட்டும் போட்டி. தூரம் முப்பது மீற்றர். கால் நிலத்தில் படக் கூடாது, பக்கத்துக் கோட்டைத் தாண்டக் கூடாது, மிதிப்பதை நிறுத்தவும் கூடாது. எல்லாருக்கும் பிந்தி வந்து சேருகிறவருக்குக் கிண்ணம். நான்கு வருடம் தொடர்ந்து மஸாஹிர்தான் வென்றார். இன்சாப் சேர் என்ற கணக்குப் படிப்பிக்கும் ஆசிரியர் நான்கு வருடமும் இரண்டாமிடம்.

கிண்ணம் மஸாஹிரின் அலுமாரியில் பதினொரு மாதம் இருக்கும். பன்னிரண்டாவது மாதம் துடைத்து, விழா நடத்தும் கழகத்திடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஐந்தாவது தடவையும் வென்றால் அது அவருக்கே சொந்தம். ஐம்பத்தேழு வயதில் ஊருக்குள் அவருக்கிருந்த பெயர் அந்தக் கிண்ணத்தில்தான் தங்கியிருந்தது. வேறு விதமாகப் பெயரெடுக்க அவருக்கு இன்னும் நேரம் வந்திருக்கவில்லை.

போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போது இடது முழங்கால் வீங்கியது.

அவருடைய மனைவி றைஸா கொழும்பில் ஒரு முதியோர் இல்லத்தில் ஏழு வருடம் பராமரிப்பு வேலை செய்தவள். முனகலைக் கேட்டே உடல் வருத்தம் எது, நடிப்பு எது என்று பிரித்துவிடுவாள். காலை மடக்கிப் பார்த்தாள், நீட்டிப் பார்த்தாள், பிறகு முற்றத்துக்குப் போய்ச் சைக்கிளின் பெடலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள்.

"முழங்கால்ல ஒண்டுமில்ல. சைக்கிள்லதான் வருத்தம்."

அது கியர் இல்லாத பழைய கறுப்புச் சைக்கிள். பெடலைத் தாங்கும் இடது கிராங்கை அச்சோடு இறுக்கிப் பிடிக்கிற கொட்டர் பின் தேய்ந்துபோயிருந்தது. நடு அச்சு சுழலும் கோப்பைகளை உப்புக் காற்று தின்றிருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் இடது பெடல் ஒரு விரல் அளவுக்கு வெறுமனே விழுந்து, 'டக்' என்று முட்டி, அதற்குப் பிறகுதான் சங்கிலியை இழுக்கும். அந்த முட்டு நேராக முழங்காலில் ஏறும். ஆனால் அந்தச் சத்தத்தால் உபகாரமும் இருந்தது. தெரு முடக்கில் 'டக்... டக்' கேட்டால் றைஸா சோற்றைப் போடுவாள். வாடியில் படுத்துக் கிடப்பவர்கள் எழும்பி வேலை செய்வதுபோல் நிற்பார்கள்.

மருமகன் அஸ்ஜத் கல்பிட்டிப் பக்கம், பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரர் தங்கும் ஹோட்டலில் வேலை. அங்கே கழித்துவிட்ட மலைச் சைக்கிளொன்றின் அலுமினியக் கிராங்கையும், அதற்குப் பொருத்தமான புது அச்சையும் ஒரு வெள்ளிக்கிழமை பையில் போட்டுக்கொண்டு வந்தான்.

"மாமா, இத போடுங்க. நீங்க வாறது கந்தக்குளி வரைக்கும் கேக்குது. எனக்கு வெக்கமா ஈக்கு."

"கேக்கட்டும். சாம்பியன் வாறாரெண்டு தெரியட்டும்."

"சாம்பியன்ட சைக்கிள் இப்பிடியா ஈக்கிற?" என்றான் அஸ்ஜத்.

அந்த ஒரு சொல் வேலை செய்தது. சாம்பியனுடைய சைக்கிள் எப்படி இருக்க வேண்டும் என்று மஸாஹிர் ஒன்பது நாள் யோசித்தார். பத்தாம் நாள் சந்தியில் இருக்கும் அன்ஸாரின் சைக்கிள் கடைக்கு உருட்டிக்கொண்டு போனார்.

இடது கிராங்கும் இடது கோப்பையும் சுத்தியல் அடிக்குப் பணிந்து வந்தன. வலது கோப்பை அசையவில்லை. அதற்கிடையில் ளுஹர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. "தொட வேணாம், தொழுதிட்டு வாறேன்" என்று சொல்லிவிட்டு அன்ஸார் பள்ளிக்குப் போனான்.

தொட வேண்டாம் என்று சொன்ன பொருளை எத்தாளை ஆண்கள் தொடாமல் விட்டதில்லை. இரண்டாவது ஜமாஅத்தில் சேர்ந்து தொழுதுகொள்வோம் என்று நியாயம் வைத்திருந்த நான்கு பேர் தேத்தண்ணிக் கடையிலிருந்து எழும்பி வந்தார்கள். ஒருவர் ஸ்பெனரைப் பிடித்தார். இன்னொருவர் அதன் வாலில் இரும்புக் குழாயைச் செருகினார். மூன்றாமவர் குழாயில் தொங்கினார். நான்காமவர் "பிஸ்மில்லாஹ் செல்லி இழுங்கோ" என்று கட்டளையிட்டார். மஸாஹிர் சைக்கிளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வந்த அன்ஸார் தலையில் கை வைத்தான்.

"எந்தப் பக்கம் திருப்பினீங்க?"

"எல்லாம் கழறுற பக்கம்தான்."

"வலது கோப்பைக்கு மரை எதிர்ப்பக்கம். நாலு ஆம்புளயும் சேந்து அரை மணித்தியாலமா இறுக்கி வெச்சிருக்கீங்க."

"அதான் இவ்வளவு பலமா இருந்திச்சு" என்றார் குழாயில் தொங்கியவர், யாரோ தன்னைப் பாராட்டியதுபோல.

டீசல் ஊற்றி, ஊறவைத்து, மறுபக்கம் அடித்து, அஸர் தொழுகைக்கு முன் அன்ஸார் கோப்பையைக் கழற்றினான். புது அச்சு உள்ளே போனது. அலுமினியக் கிராங்கின் மூன்று பற்சக்கரங்களில் இரண்டைக் கழற்றி எறிந்து, நடுச் சக்கரத்தில் சங்கிலியைப் பூட்டினான். பழைய அச்சு, கோப்பைகள், கிராங்க், தேய்ந்த கொட்டர் பின் எல்லாம் மண்ணெண்ணெய்ச் சட்டியில் கிடந்தன. காற்றடிக்க வந்திருந்த இன்சாப் சேர் சட்டியை எட்டிப் பார்த்தார்.

"இதெல்லாம் என்ன செய்யப் போறீங்க, மஸாஹிர் நானா?"

"பழைய இரும்புக்குப் போகட்டும், சேர்."

"நல்லம்" என்றார் இன்சாப் சேர். தனக்கு வேண்டிய விடை கிடைத்த கணக்கு வாத்தியாரின் முகம் அவருக்கு அப்போது இருந்தது. மஸாஹிர் அதைக் கவனிக்கவில்லை. அவர் தன் கிராங்கில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதுக் கிராங்கோடு வாழ்க்கை சத்தமில்லாமல் மாறியது. மஸாஹிர் வீட்டுக்குள் வந்து நிற்பார்; அரிசி அப்போதுதான் உலையில் விழுந்திருக்கும். வாடிக்குள் வந்து நிற்பார். நான்கு பேர் சாக்கில் படுத்திருப்பார்கள், ஐந்தாவது ஆள் அவருடைய தராசுத் தட்டிலேயே இருப்பான். "சொல்லிட்டு வர மாட்டீங்களா?" என்று எல்லா இடத்திலும் ஏச்சு விழுந்தது. ஆனால் முழங்கால் வீக்கம் இரண்டு கிழமையில் இறங்கியது. றைஸா தைலப் போத்தலை மூடி வைத்தாள்.

போட்டிக்கு அவர் பழகவில்லை. நான்கு தடவை வென்றவன் எதற்குப் பழக வேண்டும்? மெதுவாகப் போவது பிறவியில் வந்தது என்று அவர் நம்பியிருந்தார்.

பெருநாளுக்கு மறுநாள் ஆறு பேர் கோட்டில் நின்றார்கள். கிண்ணம் மேசையில், பச்சைத் துணியின் மேல். மஸாஹிர் அதை ஏற்கெனவே தன்னுடையதாக ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். விசில் ஊதினார்கள்.

காலை வைத்தார். சைக்கிள் ஓடியது. காலை இலேசாக்கினார். அப்போதும் ஓடியது. முன்பெல்லாம் பெடல் யோசித்து, தயங்கி, ஒரு விரல் தூரம் சும்மா விழுந்து, பிறகுதான் உருளும் சில்லிடம் சொல்லும். இந்தக் கிராங்க் கால் நினைத்ததையெல்லாம் உடனே சில்லுக்குக் கோள் சொன்னது. பிரேக்கைப் பிடித்தால் சைக்கிள் சாய்ந்தது. சாயாமலிருக்க மிதித்தால் பாய்ந்தது. பத்து மீற்றரில் அவர் எல்லாருக்கும் முன்னால் இருந்தார்.

அப்போதுதான் பின்னாலிருந்து கேட்டது.

டக்... டக்...

பெற்ற பிள்ளையின் இருமலை அடையாளம் காண்பதுபோல அவருக்கு உடனே விளங்கியது. திரும்பிப் பார்த்தார். இன்சாப் சேர் கோட்டிலிருந்து இரண்டு முழம்கூட வந்திருக்கவில்லை. கால்கள் வேலை செய்துகொண்டிருந்தன. சில்லு நின்றுகொண்டிருந்தது.

மஸாஹிர் தன் வாழ்க்கையில் முதல் தடவையாக முதலாவதாக வந்தார். விவரம் தெரியாத சிறுவர்கள் கைதட்டினார்கள். ஒலிபெருக்கியில் பேசியவர், "முன்னாள் சாம்பியனுக்கு இன்று வீட்டில் அவசர வேலை போலும்" என்றார்.

கிண்ணத்தோடு வந்த இன்சாப் சேரை மஸாஹிர் மறித்தார்.

"சேர், அது என்ட கிராங்க்."

"ஓம் நானா. நீங்கதானே பழைய இரும்புக்கெண்டு சென்னீங்க? அன்ஸார்ட வாங்கினேன். அச்சு, கோப்பை, பின், எல்லாம் அப்பிடியே."

"தேஞ்ச சாமான் உங்களுக்கு என்னத்துக்கு?"

"தேஞ்சதுதான் வேணும். நாலு வருஷமா பின்னால வந்து பாத்துக் கணக்குப் போட்டேன். உங்கட கால் நிக்கல்ல, பெடல் நிக்கல்ல, சில்லு மட்டும் ஒவ்வொரு சுத்துக்கும் நிண்டு நிண்டு வந்திச்சு. நீங்க வேணுமெண்டுதான் அப்பிடி வெச்சிருக்கீங்கெண்டு நினைச்சேன்."

ஊரில் தனக்கிருந்த பெயர் தன் காலுக்குச் சேர்ந்ததல்ல, ஒரு தேய்ந்த கொட்டர் பின்னுக்குச் சேர்ந்தது என்பதை நடு மைதானத்தில் நின்று கேட்பது இலேசான காரியமில்லை.

அன்ஸாரிடம் போய் நியாயம் கேட்டார். அன்ஸார் கையை விரித்தான். "புதுசு பழசாகத்தான் வேணும், நானா. உப்புக் காத்து அடிச்சா ஒரு அஞ்சாறு வருஷத்தில ஆட்டம் எடுக்கும்."

அன்று முதல் ஊரெல்லாம் கடலுக்குப் போய்வந்த சைக்கிளை நல்ல தண்ணீரில் கழுவ, மஸாஹிர் உப்புக் கரிக்கும் களப்புத் தண்ணீரை வாளியில் அள்ளி வந்து அச்சில் ஊற்றினார். றைஸா வாசலில் நின்று பார்த்தாள். அலுமினியத்தை உப்பு சீக்கிரம் தின்னாது என்று அவளுக்குத் தெரியும். உலையைப் பார்க்க உள்ளே போய்விட்டாள். முழங்கால் நன்றாக இருக்கிறதே, அது போதும்.

ஒரு மாதம் போனது. முடக்கில் 'டக்... டக்' கேட்டதும் றைஸா பழக்கதோஷத்தில் சோற்றைப் போட்டாள். வந்தது இன்சாப் சேர். வாசலில் இறங்கி, நொண்டிக்கொண்டு கதிரையில் குந்தினார்.

"றைஸா ராத்தா, இந்த முழங்கால கொஞ்சம் பாருங்க. இடது பக்கம்."

அவள் மடக்கிப் பார்த்தாள், நீட்டிப் பார்த்தாள். சைக்கிளை ஆட்டிப் பார்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

"முழங்கால்ல ஒண்டுமில்ல சேர். சைக்கிள்லதான் வருத்தம். கிராங்க மாத்துங்க."

உள்ளேயிருந்து மஸாஹிர் வந்தார். நடந்து அல்ல, ஓடி வந்தார். கையில் ஸ்பெனர்.

"இப்பவே மாத்துவோம் சேர்! என்டத தாறேன். அலுமினியம், புதுசு, முழங்காலுக்கு நல்லம். நீங்க அந்தப் பழசத் தந்தாப் போதும்."

இன்சாப் சேர் ஸ்பெனரைப் பார்த்தார். முழங்காலைத் தடவினார். கிண்ணம் தனக்குச் சொந்தமாக இன்னும் நான்கு பெருநாள் வேண்டும் என்று கணக்குப் போட்டிருப்பார்.

"தைலம் ஏதும் ஈக்கா, ராத்தா?" என்றார்.

றைஸா மூடி வைத்திருந்த போத்தலை அப்படியே எடுத்துக் கொடுத்தாள். அவர் நொண்டிக்கொண்டே ஏறி மிதித்தார். டக்... டக்... மஸாஹிரும் தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு, பேசிச் சம்மதிக்க வைக்கலாமென்று பின்னாலேயே போனார். ஆனால் பின்னால் நிற்க அந்தப் புதுக் கிராங்க் அவரை விடவில்லை. பிரேக்கைப் பிடித்துப் பிடித்தும் அவர் முந்திக்கொண்டே போனார்.