இடியப்ப ஆவியில் ஒரு நற்சான்று

என்னைப் பற்றி நல்லவிதமாக எழுதப்பட்ட கடிதம் ஒன்றை, நாற்பத்தெட்டாவது வயதில், இடியப்பம் அவிக்கிற ஆவியில் பிடித்துத் திருட்டுத்தனமாகத் திறந்தவன் நான். நல்லவிதமாகத்தான் எழுதியிருந்தது என்பது திறந்த பிறகே தெரிந்தது.

முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தேன். அறிவுத் தாகம் என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தேன். உண்மையில், அந்தப் பட்டம் இல்லாமல் அலுவலகத்தில் அடுத்த பதவிக் கதிரைக்கு நகர முடியாது. ஐம்பதைத் தாண்டிவிட்டால் பட்டம் இருந்தும் பயனில்லை. விண்ணப்பத்தோடு, முதற் பட்டத்துக்குக் கற்பித்த ஒருவரின் நற்சான்றுக் கடிதம் கேட்டிருந்தார்கள். உறையை ஒட்டி, ஒட்டின இடத்துக்கு மேலே அவர் கையெழுத்து வைத்திருக்க வேண்டும். பிரித்த கடிதம் செல்லாது.

எனக்குக் கற்பித்தவர்களில் கொழும்பில் மிஞ்சியிருந்தவர் ஒருவர்தான். ஓய்வுபெற்றுக் கொட்டாஞ்சேனையில் இருந்தார். மாணவனாக இருந்தபோது அவரைப் பற்றிச் சுவர்ப் பத்திரிகையில், ‘இவருடைய வகுப்பில் கடைசிவரை விழித்திருப்பது மின்விசிறி மட்டுமே’ என்று எழுதியவன் நான். பெயர் போடவில்லை. தப்பிவிட்டேன் என்றே இத்தனை வருடமும் நம்பியிருந்தேன்.

“உம்மை நல்லா ஞாபகம் இருக்கு தம்பி. எழுதுவீர் எல்லே?” என்று சிரித்தார்.

எதை ஞாபகம் வைத்திருக்கிறார்?

இந்த ஊரில் நற்சான்று கேட்டுப் போனால், ‘நீரே எழுதிக்கொண்டு வாரும், நான் கையெழுத்து வைக்கிறன்’ என்பதுதான் வழக்கம். அதை நம்பி, என்னைப் புகழ்ந்து நானே இரண்டு பக்கம் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். எடுத்து நீட்டினேன்.

“வேண்டாம் வேண்டாம். உமக்கு நானே எழுதுறன்” என்றார். நான் எழுதியதை மடித்துத் திரும்பப் பைக்குள் வைத்தேன்.

அடுத்த கிழமை உறையைத் தந்தார். மூடியின் மேல் ஊற்றுப்பேனையால் நீலக் கையெழுத்து. வெள்ளவத்தைக்குத் திரும்பும் பஸ்ஸில் அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒற்றைத் தாள். ஒரு பக்கத்துக்குள் அடங்குகிற குணங்களா என்னுடையவை? வசைதான் சுருக்கமாக இருக்கும்.

உறையை ஆவியில் பிடிக்கலாம் என்றால், வீட்டு மின்கேத்தல் தண்ணீர் கொதித்தவுடன் தானாக நின்றுவிடுகிறது. மனைவியின் இடியப்பப் பானைதான் மிஞ்சியது.

“என்னப்பா செய்யிறியள்?”

“ஒட்டு சரியோ எண்டு பாக்கிறன்.”

“இடியப்பம் வேக முந்தி உங்கட படிப்பு வெந்திடும்.”

உறையின் மூடி திறந்தது. கூர்மையான மாணவன், நல்ல நடை, இவரை நம்பி எதையும் ஒப்படைக்கலாம் என்று எழுதியிருந்தார். கண் கலங்கிப்போய் உறையைத் திருப்பினேன். கையெழுத்தும் கலங்கி, நீலக் குட்டையாகியிருந்தது.

மறுநாள் மறுபடி கொட்டாஞ்சேனை.

“மழையில நனைஞ்சு போச்சு சேர்.”

அவர் உறையை வாங்கி மூக்குக்குக் கிட்டப் பிடித்தார். “ரெண்டு கிழமையா வெயில் கொளுத்துது. இது இடியப்பம் எல்லே மணக்குது தம்பி? சிவப்பு மாவோ?”

“வெள்ளை மா, சேர்” என்றேன்.

ஒரு வார்த்தை ஏசவில்லை. உள்ளே போய்ப் புதிதாக எழுதிக்கொண்டு வந்து, “முதல்ல வாசியும். பிறகு ஒட்டுவம்” என்றார். வாசித்தேன். கூர்மை இருந்தது. நடை இருந்தது. நம்பி ஒப்படைக்கிற வரியை மட்டும் காணவில்லை. பசையை எடுத்து நீட்டினேன்.

அந்த ஒரு வரி இல்லாததால் இடம் கிடைக்காமல் போகும் என்ற பயத்தோடு, கடிதத்தைப் பல்கலைக்கழக அலுவலகத்துக்கு நானே கொண்டுபோனேன். வாசிக்கிறவர் முகத்தைப் பார்த்தால் விதி தெரிந்துவிடும் என்பது என் கணக்கு. அங்கிருந்த இளம் பெண் கையெழுத்தைப் பாராமல் உறையைக் கிழித்துக் கூடையில் போட்டாள். கடிதத்தை விரிக்காமலே கோப்பில் செருகினாள்.

“வாசிக்கேல்லையோ தங்கச்சி?”

“என்னத்துக்கு அங்கிள்? இந்த முறை அப்ளை பண்ணின எல்லாரையும் எடுத்தாச்சு, அப்பவும் கோர்ஸ் தொடங்க ஆள் காணாது. உங்கட வீட்டில வேற ஆரும் டிகிரி முடிச்சவை இருக்கினமே?”