மயிலம் முனையில் நின்ற காரும் ஆரோக்கியசாமி அண்ணனும்

போன வெள்ளிக்கிழமை காலையில் நான் கர்ப்பிணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, விழுப்புரம் பஸ்ஸின் கண்டக்டர் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார். வழக்கமாக மருந்துப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு ஓடுகிறவர் அன்று ஓடவில்லை. "சிஸ்டர், நம்ம டிரைவர் ஆரோக்கியசாமி தவறிட்டாருங்க. மாரடைப்பாம். சாயங்காலம் முகையூர்ல அடக்கம்" என்றார். வரிசையில் இன்னும் எட்டுப் பேர் இருந்தார்கள். அவர்களைப் பார்த்து முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். பாதியில் எழுந்து போயிருந்தால் அண்ணன் என்னைத் திட்டியிருப்பார்.

திண்டிவனத்தில் எங்கள் பிரசவ ஆஸ்பத்திரியில் அவர் டிரைவர், நான் நர்ஸ். ஒரே மாதத்தில்தான் வேலைக்குச் சேர்ந்தோம். பிறகு அவர் வேலையை விட்டுவிட்டு முகையூரோடு போய்விட்டார், எப்போதாவது எங்களைப் பார்க்க வருவார். வயதும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனாலும் அண்ணன் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டது. நாங்கள் சண்டை போடாத வாரம் கிடையாது. என் மருந்துப் பெட்டி லொடலொடவென்று ஆடுவதால் எஞ்சின் சத்தம் காதில் விழவில்லை என்பார். "உங்கள் வண்டி போடுகிற சத்தத்தில் என் பெட்டி எப்படி உங்களுக்குக் கேட்டது?" என்பேன். அந்தக் கார் யுத்தத்துக்கு முந்தியது. ஒரு மிராசுதார் தமக்குப் போதும் போதும் என்றான பிறகு தருமமாகக் கொடுத்தது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள். அண்ணன் தினமும் பார்த்தார்.

மழைக்காலத்தில் ஓடை குறுக்கிட்டால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, முதலில் தாம் நடந்து அக்கரை போய்த் திரும்பி வருவார். பிறகுதான் வண்டியை இறக்குவார். "ஜல்தி போங்க அண்ணே" என்று நான் அவசரப்படுத்தினால், "போறது பெரிசில்ல சிஸ்டர், போய்ச் சேரணும்" என்பார். அவருடைய நிதானம் எனக்கு அப்போது எரிச்சலைத்தான் கொடுத்தது. உள்ளதைச் சொல்கிறேன்.

இனி பல வருஷத்துக்கு முந்திய ஒரு சித்திரை மாதத்துக்கு வருகிறேன். உங்களில் பலர் இந்தக் கதையைக் கேட்டிருப்பீர்கள். ஆனால் எனிமா கேன் வரைக்கும் கேட்டுச் சிரித்துவிட்டுப் போய்விடுவீர்கள். எனக்குச் சொல்ல வேண்டியது அதற்குப் பிறகுதான் இருக்கிறது.

அலமேலு என்ற பெண்ணுக்கு முதல் பிரசவம். குழந்தை குறுக்கே கிடந்து, ஒரு கை வெளியே வந்துவிட்டது. விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஆபரேஷன் செய்தால்தான் உண்டு. உச்சிவெயிலில் கிளம்பினோம். பின் சீட்டில் அவளும் நானும். முன்னால் அவள் புருஷன் கோவிந்தன், மல்லாட்டை என்கிற நிலக்கடலை பயிர் செய்கிறவர். மயிலத்துக்குப் பிரிகிற முனையில் கார் இரண்டு முறை குலுங்கி நின்றுவிட்டது.

கோடையில் அந்த ரோட்டில் கார் நின்றால் டிரைவர்கள் எல்லோரும் செய்கிற வைத்தியம் ஒன்று உண்டு. டாங்கியிலிருந்து பெட்ரோலை இழுத்து எஞ்சினுக்குக் கொடுக்கிற பம்ப் சூடேறிவிட்டது என்று சொல்லி, ஈரச் சாக்கை அதன் மேல் சுற்றிக் கட்டிவிட்டு, புளியமரத்தடியில் பீடி பிடிப்பார்கள். கால் மணி கழித்து வண்டி கிளம்பும். அண்ணனும் அந்த வாரத்தில் இரண்டு தடவை அப்படிக் கட்டியிருந்தார். அன்றும் கட்டினார். கால் மணி கழித்தும் கிளம்பவில்லை.

"இன்னும் தண்ணி ஊத்துய்யா, காஞ்சிக் கெடக்குது" என்று கத்தினார் கோவிந்தன். விழுப்புரம் பஸ் அப்போதுதான் எங்களைத் தாண்டிப் போயிருந்தது, அடுத்தது வர வெகுநேரம் ஆகும். அலமேலு என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்தது.

அண்ணன் சாக்கை அவிழ்த்து எறிந்தார். பம்ப்பிலிருந்து எஞ்சின் பக்கம் போகிற குழாயைக் கழற்றிவிட்டு, கோவிந்தனைக் காரின் முன்னால் ஹாண்டிலைச் செருகி எஞ்சினைச் சுற்றச் சொன்னார். ஒரு சொட்டுப் பெட்ரோல் வரவில்லை. டாங்கிப் பக்கத்துக் குழாயில் வாய் வைத்து ஊதினார். டாங்கிக்குள் குமிழி விடுகிற சத்தம் எனக்கே கேட்டது. குழாயில் அடைப்பில்லை. கடைசியில் ஆயில் அளவு பார்க்கிற கம்பியை உருவி, மூக்கருகே கொண்டுபோனார். முகம் மாறிவிட்டது.

"ஆயில்ல பெட்ரோல் வாசனை அடிக்குது. பம்ப்புக்குள்ள இருக்கிற ரப்பர் துணி கிழிஞ்சி, பெட்ரோல் கீழ எறங்கிக்கினு இருக்குது. சூடும் இல்ல ஒண்ணும் இல்ல" என்றார். பிறகு கோவிந்தனை நேராகப் பார்த்து, "என் தப்புங்க. போன வாரமே மோந்து பாத்திருக்கணும். எல்லாரும் கட்றாங்கன்னு நானும் சாக்கைக் கட்டிட்டேன்" என்றார்.

கோவிந்தன் அடிக்கக் கை ஓங்கினார். அண்ணன் நகரவில்லை. "அப்பால அடிச்சிக்கோங்க. இப்ப நான் சொல்றதப் புடிங்க" என்றவர் என் பக்கம் திரும்பி, "சிஸ்டர், உங்க எனிமா கேனைக் குடுங்க" என்றார்.

குடல் கழுவத் தண்ணீர் ஊற்றுகிற அந்தக் கேனில் நீண்ட ரப்பர் குழாய் உண்டு. அந்தக் குழாயாலேயே டாங்கியிலிருந்து வாயால் உறிஞ்சிப் பெட்ரோலைக் கேனில் பிடித்தார். குழாயின் முனையைக் கார்புரேட்டருக்குப் போகிற வழியில் செருகிக் கம்பியால் கட்டினார். ஒரு பக்கத்து பானெட்டைக் கழற்றி ரோட்டோரத்தில் போட்டார். கோவிந்தன் கால்படியில் நின்று, ஒரு கையால் காரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கேனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். பம்ப் செய்யாததைப் பெட்ரோலின் எடையே செய்தது, வண்டி கிளம்பிவிட்டது. ஆயில் நீர்த்துப்போனால் எஞ்சின் என்ன ஆகும் என்று கேட்டேன். "போனா போவுது. அந்தப் பொண்ணப் பாருங்க" என்றார். நடுவில் இரண்டு முறை கேனை நிரப்பிக்கொண்டு விழுப்புரம் போய்ச் சேர்ந்தோம். அலமேலு பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

மறுநாள் அவர் மெட்ராஸுக்குப் போய், பழைய சாமான் கடைகளில் தேடி, அந்த வண்டிக்குப் பொருந்துகிற பம்ப்பை வாங்கி வந்தார். கெட்டுப்போன ஆயிலை முழுவதும் இறக்கினார். பம்ப்பின் நெம்புகோல் எஞ்சினுக்குள் சரியாக உட்கார்ந்ததா என்று மூன்று முறை கழற்றிப் பார்த்த பிறகுதான் நட்டை இறுக்கினார். கழற்றிய பழைய பம்ப்பை எடுத்துக்கொண்டு கார் ஸ்டாண்டுக்குப் போய், கிழிசலை ஒவ்வொரு டிரைவரிடமும் காட்டினார். "சாக்கு கட்றதுக்கு முந்தி கம்பிய மோந்து பாருங்கப்பா. நோவு தெரியாம பத்துப் போடக்கூடாது" என்றார். சிலர் சிரித்தார்கள். சிலர் அன்றே முகர்ந்து பார்த்தார்கள்.

மூன்று வாரம் கழித்துக் கோவிந்தன் ஒரு மூட்டை மல்லாட்டையோடு வந்தார். எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரம்மா முன்னால் அண்ணனைப் பார்த்துக் கைகூப்பி, "நீங்கதான் எங்க வீட்டு உசுரக் காப்பாத்துனீங்க" என்றார். அண்ணன் மூட்டையைத் தொடவில்லை.

"அது சரிங்க. ஆனா அந்த முக்கா மணி நேரம் என்னால போச்சு. கொழந்த அதனாலகூட போயிருக்கலாம்" என்றார்.

புறப்படும்போதே குழந்தையின் துடிப்பு எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நான் குறுக்கிட்டேன். யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா.

"நீங்க சொல்லாங்காட்டி எனக்கு இன்னா தெரியப் போவுது?" என்று கேட்டார் கோவிந்தன்.

"எனக்குத் தெரியுமேங்க" என்றார் அண்ணன்.

அன்று எனக்கு அவர் மேல் கோபம்தான் வந்தது. வந்த மரியாதையை வாங்கிக்கொள்ளத் தெரியாத மனிதர் என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய மனிதர் என்று புரிய எனக்குச் சில வருஷம் ஆயிற்று. அவரைப்போல ஒருவருடன் வேலை பார்த்தேன் என்பதில் எனக்கு இன்று கர்வம் உண்டு.

போன மாதம் தலைச்சன் பிரசவத்துக்கு இருந்த ஒரு பெண் கால் வீக்கம் என்று வந்தாள். கூட்டம் அதிகம். ஏழாம் மாதத்தில் இதெல்லாம் சகஜம் என்று சொல்லி, ரத்த அழுத்தம் பாராமல் அனுப்பிவிட்டேன். அடுத்தவளைப் பார்க்கும்போதுதான், போனவள் கண் இருட்டுகிறது என்று சொன்னது உறைத்தது. ரத்த அழுத்தம் ஏறினால்தான் அப்படி இருட்டும், வலிப்பு வந்தால் தாயும் பிள்ளையும் போய்விடலாம். காலில் செருப்புகூட இல்லாமல் தெருவில் ஓடினேன். மாட்டு வண்டி கடைத்தெரு முனையில் திரும்பிக்கொண்டிருந்தது. அத்தனை பேர் பார்க்க வண்டியை நிறுத்தி, அவள் மாமியாரிடம், "நான் பார்த்தது தப்பும்மா. இறக்குங்க" என்றேன். அந்த அம்மாள் என்னைக் கேட்காத கேள்வியில்லை. எல்லாவற்றையும் நின்று கேட்டுக்கொண்டேன். இருபது வருஷ சர்வீஸில் அந்த வார்த்தையை அப்போதுதான் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னேன். ஆரோக்கியசாமி அண்ணனிடமிருந்து எனக்குக் கிடைத்தது அதுதான்.

அடுத்த தடவை அவர் வரும்போது இதைச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். சொல்லவில்லை. அந்தப் பெண் இப்போதும் எங்கள் வார்டில்தான் இருக்கிறாள். இன்று காலை அவள் வயிற்றில் காதை வைத்துக் கேட்டேன். துடிப்பு நன்றாக இருக்கிறது, அண்ணே.