வட்டக்குளத்தின் நடுவே லீலாபாய் அம்மையார்

தமிழ்-மலையாள எல்லைப் போராட்டத்தைப் பற்றி எழுதியவர்கள், மாநிலக் கோடு போட வந்த கமிஷனைப் பற்றி எழுதினார்கள். ஊர்வலங்களைப் பற்றி எழுதினார்கள். யார் எந்த மேடையில் எத்தனை மணிநேரம் பேசினார் என்றுகூட எழுதினார்கள். லீலாபாய் அம்மையாரின் வலது முழங்காலைப் பற்றி மட்டும் ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. ஐம்பத்தைந்தாம் வருஷக் கோடையில் பாறசாலைக்குத் தெற்கே இரண்டு கமிட்டிகளையும் ஒரே சேற்றில் இறக்கிய முழங்கால் அது. சரித்திரத்தில் விழுந்த இந்தப் பள்ளத்தை யாராவது தூர்த்துத்தானே ஆகவேண்டும்.

அம்மையார் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியின் போர்டிங்கில் மேட்ரன். கலியாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு, "மணியடிச்சா எழும்புகவன் ஒருத்தனும் வரல்ல" என்று பதில் சொல்லியிருக்கிறார். போர்டிங் பிள்ளைகள் மணியடித்ததும் எழும்பினார்கள், ட்ரில் செய்தார்கள், காலையில் கஞ்சியும் சிறுபயறும், மத்தியானம் மரச்சீனிக் கிழங்கும் சாளைமீன் கறியும் தின்றார்கள். முருங்கையிலை வாரத்துக்கு மூன்று தடவை. முருங்கையிலை தின்னாத பிள்ளைக்கு வேதபாடம் மனதில் நிற்காது என்பது அம்மையாரின் இறையியல். போதகர் இதை மறுத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கும் அங்கேதான் சாப்பாடு.

மேட மாதத்தில், அதாவது சித்திரையில், பள்ளிக்கூடம் மூடும். பிள்ளைகள் வீட்டுக்குப் போவார்கள். ஆனால் அதிகாரம் செய்யும் பழக்கம் லீவு எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே ஒவ்வொரு கோடையிலும் அம்மையார் ஊருக்கு வந்து, ஊரையே போர்டிங்காக நடத்தினார். காலையில் ராஜப்பனின் சாயாக்கடை வாசலில் நின்று, யார் எத்தனை பருப்புவடை தின்கிறார்கள் என்று பார்ப்பார். ஒன்றும் சொல்லமாட்டார். பார்ப்பார், அவ்வளவுதான். கையிலெடுத்த வடையைத் தட்டில் திரும்ப வைத்தவர்கள் உண்டு.

இந்தப் பார்வைக்கு அஞ்சாதவர்கள் ஊரில் இரண்டு பேர். ஒருவர் அம்மையாரின் தம்பி சுந்தரதாஸ். தையல்காரர், தமிழ்க் கமிட்டியின் செயலாளர். மற்றவர் சதாசிவன், நெய்யாற்றின்கரை கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தா, மலையாளக் கமிட்டியின் தலைவர். இரண்டு கமிட்டிகளும் ராஜப்பன் கடையில்தான் கூடின, ஒன்று முடிந்தபின் மற்றொன்றாக, ஒரே பெஞ்சில். முதல் கமிட்டி பெஞ்சைச் சூடாக்கிவிட்டுப் போகும். இரண்டாவது கமிட்டி அந்தச் சூட்டில் உட்கார்ந்து அதே வடையைத் தின்று எதிர்த் தீர்மானம் போடும். போராட்டம் தொடங்கியதிலிருந்து இரண்டு தலைவர்களின் வயிறும் எல்லையை விரிவுபடுத்திக்கொண்டே போனது. சுந்தரதாஸ் தன் சட்டையைப் பிரித்து அகலமாகத் தைத்தார். சதாசிவனின் சட்டையையும் அவர்தான் பிரித்துத் தைத்தார்.

இனி முழங்கால். அந்த வருஷம் ஆஸ்பத்திரி டாக்டர் அம்மையாரின் முழங்கால் முட்டை அமுக்கிப் பார்த்துவிட்டுத் தெளிவாகச் சொல்லியிருந்தார்: நீந்த வேண்டும், தண்ணீருக்குள், ஊர்ப்பேச்சில் சொன்னால் வெள்ளத்துக்குள், கால் வீசினால்தான் இந்த முட்டு மடங்கும். விட்டுவிட்டால் அடுத்த வருஷம் கட்டில்தான், அப்புறம் ஊன்றுகோல்கூட உதவாது. அம்மையாருக்கு இது தண்டனையாகத் தோன்றவில்லை. ஊருக்கு வந்தால் வட்டக்குளத்தில் தினமும் காலையில் நீந்துவது அவருக்குச் சின்ன வயதுமுதல் வழக்கம். கூடவே சதாசிவனின் மனைவி விஜயம்மாவும் இன்னும் நாலைந்து பெண்களும் இறங்குவார்கள்.

வட்டக்குளம் வட்டமாக இருக்காது. கடித்துவைத்த மாங்காய் மாதிரி இருக்கும். ஒவ்வொரு மேட மாதக் கடைசியிலும் வெள்ளம் வற்றியதும் ஊர் ஆண்கள் எல்லோரும் சேர்ந்து இறங்கிச் சேறு வெட்டுவார்கள். சேறு தென்னை மூட்டுக்கு உரமாகப் போகும். வெட்டியவர்களுக்குக் கரையிலேயே கஞ்சி. சர்ச் என்ற பள்ளிக்கும் கோயில் என்ற அம்பலத்துக்கும் பொதுவாக அந்த ஊரில் இருந்த ஒரே திருவிழா அதுதான். வைகாசி நடுவில் இடவப்பாதி மழை வரும்போது குளம் ஆழமாகக் காத்திருக்கும்.

அந்த வருஷம் வெட்டவில்லை.

காரணம், பங்குனி வெயிலில் யாரோ ஒரு அதிகாரி குளக்கரையில் ஜீப்பை நிறுத்தி, ஒரு இளநீர் குடித்து, குளத்தின் நடுப்பகுதியைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுப் போனார். கமிஷன் ஆள்தான் என்றும், எல்லைக் கோடு குளத்தின் நடுவே வரப்போகிறது என்றும் ஊர் அன்று மாலையே முடிவுசெய்துவிட்டது. அவர் இளநீர் குடித்துவிட்டு வெயில் களைப்பில் சும்மா பார்த்திருக்கலாம் என்று யாரும் யோசிக்கவில்லை.

அம்மையார் சாயாக்கடைக்கு வந்து நேராகக் கேட்டார்.

"எலே சுந்தரதாசு, சேறு எப்பம் வெட்டப் போறிய?"

"அது லேசுப்பட்ட காரியம் இல்ல, அக்கா. குளம் முழுக்க நம்மளுக்கதாக்கும். பாதி வெட்டினா மறுபாதி அவனுக்கதுன்னு நம்மளே சம்மதிச்ச மாதிரி ஆவும்."

"அப்பம் முழுக்க வெட்டு."

"அதுக்கு அவனுவ விடமாட்டானுவ."

அம்மையார் பெஞ்சின் மறுகோடிக்குத் திரும்பினார். "எலே சதாசிவா, நிய்யி என்ன சொல்லுகா?"

சதாசிவன் கோர்ட் பாணியில் தொண்டையைச் செருமினார். "சேச்சி, சேர்ந்து வெட்டினால் கூட்டுடைமை ஆகும். கூட்டுடைமை ஆனால் கேஸ் நிற்காது. இந்த வருஷம் யாரும் வெட்டாமலிருப்பதுதான் ரெண்டு கூட்டருக்கும் நல்லது."

"அதுல மட்டும் எங்க ரெண்டு கமிட்டிக்கும் ஒரே அபிப்பிராயம்" என்றார் சுந்தரதாஸ், பெருமையாக.

"எனக்க முட்டுக்கு?"

முட்டைப் பற்றித் தீர்மானம் எதுவும் இல்லை. ராஜப்பன் இரண்டு பேருக்கும் வடை வைத்தான். அம்மையார் வடையைப் பார்த்தார், வயிறுகளைப் பார்த்தார். "கத்தினா வயிறு கொறையாது, மக்கா. தொண்டதான் கெடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

குளம் வற்றிக்கொண்டே வந்தது. கடைசியில் நடுவில் மட்டும் முழங்காலளவு வெள்ளம், சுற்றிலும் சேறு. பெண்கள் ஒவ்வொருத்தியாக வருவதை நிறுத்தினார்கள். அம்மையார் நிறுத்தவில்லை. படியேறும்போது முட்டு கறகறவென்று சத்தம் போட ஆரம்பித்திருந்தது. ராத்திரி புரண்டு படுக்கக்கூட முடியவில்லை என்பதை விஜயம்மாவிடம் மட்டும் சொன்னார். ஒரு நாள் காலையில், ஜம்பர் ரவிக்கையும் முண்டுமாக, முண்டை இறுக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினார்.

"அக்கா, வேண்டாம். கால் தாழும்" என்றாள் விஜயம்மா கரையிலிருந்து.

"நீந்த வெள்ளம் இல்லேங்கி நடக்கேன். கால் அசையணும், அவ்வளவுதானே."

நடு வெள்ளம்வரை நடந்தார். அங்கே நின்றார். பிறகு நின்றுகொண்டே இருந்தார். சேறு தொடைவரை பிடித்துக்கொண்டுவிட்டது.

விஜயம்மா கூவிய கூவலில் சாயாக்கடை காலியானது. இரண்டு கமிட்டிகளும் குளத்தின் இரண்டு கரைகளில் போய் நின்றன. சுந்தரதாஸ் தென்கரையிலிருந்து கயிறு வீசினார். சதாசிவன் வடகரையிலிருந்து கயிறு வீசினார். அம்மையார் இரண்டையும் பிடித்ததுதான் பிழை என்று பின்னால் சிலர் சொன்னார்கள். சேற்றில் நிற்பவர் கயிற்றின் கட்சியைக் கேட்டா பிடிப்பார்?

இரண்டு கரையிலும் ஆள் சேர்ந்தது. இழுத்தார்கள். தமிழ்க் கரையில் "ஐலசா" என்று பிடித்தார்கள். மலையாளக் கரையிலும் "ஐலசா"தான், வேறு சத்தம் யாருக்கும் தெரியாது. அம்மையார் ஒரு முழம் தெற்கே சாய்ந்தார், ஒரு முழம் வடக்கே சாய்ந்தார்.

"விடுங்கலே!" என்ற சத்தம் போர்டிங் மணியையும் மிஞ்சியது. "முட்ட பிடுங்கி ஆளுக்குப் பாதி கொண்டு போவவா பாக்குதிய? ரெண்டு கமிட்டிக்கும் நான் ஒரே ஒருத்திதான் உண்டு!"

கயிறுகள் தளர்ந்தன.

"நம்ம பக்கத்துக்கு வா அக்கா" என்று கெஞ்சினார் சுந்தரதாஸ்.

"சேச்சி இங்கோட்டு வந்தா மதி, போதும்" என்றார் சதாசிவன்.

"நான் ஒரு பக்கத்துக்கும் வாறதா இல்ல. இழுத்தா கால் முறியும். சேற எடுங்க. சேறு போனா நான் தன்னால நடந்து வாறேன்."

 சேறு எடுத்தால் குளம் வெட்டினதாக ஆகுமே. சதாசிவன் சட்டத்தை யோசித்தார். அப்போது விஜயம்மா அவர் பக்கத்தில் வந்து, ஊருக்கே கேட்கும்படி, "இன்னு ராத்திரி சோறு வேணும்னா மம்மட்டி எடும்" என்றாள். இது எந்தச் சட்டப்புத்தகத்திலும் இல்லாத பிரிவு. ஆனால் மேல்முறையீடு கிடையாது. சதாசிவன் வேட்டியை மடித்துக் கட்டினார். அவர் இறங்குவதைப் பார்த்ததும் சுந்தரதாஸும் இறங்கினார். மலையாளக் கமிட்டி காப்பாற்றிவிட்டது என்று நாளைக்குப் பெயர் வரக்கூடாதல்லவா.

இரண்டு கரையிலிருந்தும் நடுவை நோக்கி வெட்டினார்கள். கடவம் கடவமாக, ஓலைப்பெட்டிகளில் சேறு ஏறியது. வெயில் ஏறியது. வழக்கப்படி பெண்கள் கரையில் அடுப்பு மூட்டினார்கள். பள்ளிக்குக் காணிக்கையாக எடுத்துவைத்த பிடியரிசியிலிருந்து அரிசி வந்தது, அம்பலத்துப் பக்கத்து வீடுகளிலிருந்து பயறும் தேங்காயும் வந்தன. விஜயம்மா ஒரு பாக்குமரத்துக் கமுகம்பாளையில் கஞ்சிச் சட்டியை வைத்து, மூங்கில் கம்பால் சேற்றின்மேல் வழுக்கித் தள்ளினாள். அம்மையார் குளத்தின் நடுவில் நின்றபடி, பிலாவிலையைக் கரண்டிபோல் கோட்டிக் கஞ்சி குடித்தார். ஒரு கையில் இலை, மறு கையால் உத்தரவு.

"சுந்தரதாசு, குனியும்போ முட்ட மடக்கு, நடுவெலும்ப வளைக்காத. சதாசிவா, மூச்ச அடக்கி வைக்காத, விடு. எலே, அங்க யாரு நிக்கியது? நிக்கதுக்கா கஞ்சி?"

கடைசியில் சேறு விலகியது. இரண்டு தலைவர்களும் அம்மையாரின் இரு பக்கமும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். யார் எந்தக் கமிட்டி என்று சேறு மறைத்துவிட்டிருந்தது. அம்மையார் இருவர் தோளிலும் கைவைத்துக் காலை ஒவ்வொன்றாக உருவினார்.

"இப்பம் போவலாம்" என்றார். பிறகு சுற்றிப் பார்த்தார். "தெக்கு ஓரம் கொஞ்சம் மேடா கிடக்கே, சுந்தரதாசு?"

அதைத்தான் சொல்லியிருக்கக் கூடாது என்பார்கள் சிலர். வடக்கே ஆழம் அதிகம் என்ற செய்தி இரவே தமிழ்க் கமிட்டியின் காதுக்குப் போனது. மறுநாள் விடியுமுன் அவர்கள் தெற்கே வெட்டினார்கள். அதைப் பார்த்து வடக்கே வெட்டினார்கள். அவசரக் கூட்டங்கள் குளத்துக்குள்ளேயே நடந்தன. ராஜப்பன் வடைச் சட்டியைக் கவிழ்த்துவைத்துவிட்டு, கரைக்கு அக்கானிப் பதநீர் கொண்டுவந்தான். வேறு வியாபாரம் இல்லை. மழை வருவதற்குள் குளம் முன்னெப்போதும் இல்லாத ஆழத்துக்குப் போயிருந்தது. சுந்தரதாஸ் இரண்டு சட்டைகளையும் மறுபடி பிரித்தார், இந்தத் தடவை உள்பக்கமாகப் பிடித்துத் தைப்பதற்கு.

அம்மையார் வேண்டுமென்றேதான் சேற்றில் போய் நின்றார் என்று ஒரு கட்சி இன்றும் சொல்கிறது. அவரிடமே கேட்டபோது, "தெரியாமலா எறங்குவேன், எனக்குச் சின்னவயசிலே தெரிஞ்ச குளமாக்கும்" என்றார். இது ஒப்புதலா மறுப்பா என்பது தெரியவில்லை. வக்கீல் குமாஸ்தாவுக்கே தெரியவில்லை.

கோடு பிற்பாடு வந்தது. குளத்தைத் தொடாமல் தெற்கே போய் விழுந்தது. ஆனால் அது வருவதற்கு ஒரு வருஷத்துக்கு மேல் முன்பாகவே, இடவப்பாதியின் முதல் பெருமழை நின்ற காலையில், அம்மையார் படியிறங்கினார். குளம் நிறைந்து செம்மண் நிறத்தில் கிடந்தது. அக்கரைக்கு நீந்தினார், திரும்பினார், மறுபடி போனார். விஜயம்மாவும் மற்றப் பெண்களும் பின்னால். பிறகு படியேறினார், ஒருவர் கையையும் பிடிக்கவில்லை.

"முட்டு எப்படி அக்கா இருக்குது?" என்றாள் விஜயம்மா.

"ஏது முட்டு?" என்றார் அம்மையார், முண்டைப் பிழிந்துகொண்டே. அப்போது கரையில் குடை பிடித்து நின்ற இரண்டு தலைவர்களும் கண்ணில் பட்டார்கள்.

"என்னலே, பாத்துட்டு நிக்கிய? குளம் முழுக்க ஒங்களுக்கது தானே?"

"எனக்கு நீந்தத் தெரியாது, அக்கா" என்றார் சுந்தரதாஸ் மெதுவாக.

"எனிக்கும் அறியாது, சேச்சி" என்றார் சதாசிவன்.

"அது கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. நாளைக்கு மணியடிப்பேன். ரெண்டு பேரும் வாங்க, வெறும் வயித்தோட."

மறுநாள் மணியடித்தது. இருவரும் வந்தார்கள்.