செவ்வாயும் வெள்ளியும் மட்டும் தெரியும் படம்

இந்த வலைப்பதிவில் நான் போட்ட ஒரு படத்தால் வந்த பயணம் இது. செம்பட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் குலசாமி பேச்சியம்மனை, புது டிஜிட்டல் கேமரா வாங்கிய குஷியில், கருவறை வாசலில் நின்று எடுத்துப் போட்டிருந்தேன். மஸ்கட்டில் இருக்கும் தங்கச்சி கலாவுக்காகத்தான். இரண்டு முறை கரு தங்கவில்லை, இப்போது ஏழாம் மாதம். தினமும் குளித்துவிட்டு, கம்ப்யூட்டரில் அம்மன் முகத்தைப் பார்த்த பிறகுதான் காபியே குடிப்பாள்.

ஆவணியில் பூசாரி சித்தப்பா போன் செய்தார். பங்காளி ஒருவர் திண்டுக்கல் பிரவுசிங் சென்டரில் படத்தைப் பார்த்துவிட்டு ஊரைக் கூட்டிவிட்டாராம்.

“உள்ள இருக்குறவள வெளிய கொண்டுபோக யாருலே சொன்னா? வந்து அவகிட்டயே கேளு” என்றார்.

பூக்கட்டிக் கேட்பதாக முடிவானது. வெள்ளைப் பூ வந்தால் அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள். சிவப்பு வந்தால் படத்தை எடுத்துவிட வேண்டும், கலாவும் அதைப் பார்க்கக் கூடாது. கலாவிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

சென்னையிலிருந்து கிளம்பி, வெள்ளிக்கிழமை காலை 6.10-க்கு திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். பக்கத்து லாட்ஜில் குளிக்க 40 ரூபாய், வெந்நீருக்கு 10 ரூபாய் கூடுதல். அது வெந்நீர் இல்லை, கொடுக்காதீர்கள். சாமி காரியம் என்பதால் பிரியாணிக் கடைகளின் பக்கம் தலையைத் திருப்பாமல் நாலு இட்லியோடு முடித்துக்கொண்டேன். 7.20-க்கு வத்தலக்குண்டு பஸ். செம்பட்டி 20 கிலோமீட்டர், ஏழு ரூபாய், நாற்பது நிமிடம். அங்கிருந்து சித்தையன்கோட்டை ரோட்டில் ஐந்து கிலோமீட்டருக்கு ஆட்டோ, 60 ரூபாய்.

“செவ்வா வெள்ளிதான் நடை திறப்பாங்க. நல்லவேளை, கரெக்டா வந்திருக்கீங்க” என்றார் டிரைவர். எனக்கு வேறு கவலை, காதில் சரியாக விழவில்லை.

கோயிலில் பங்காளிகள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் என்னை ‘வா’ என்று சொல்லவில்லை. சித்தப்பா நந்தியாவட்டையையும் சிவப்பு அரளியையும் தனித்தனி இலையில் மடித்து, குலுக்கி அம்மன் காலடியில் வைத்தார். எடுப்பவர் எங்களைச் சேராதவராக இருக்க வேண்டும். வெங்காயக் காட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஓர் அம்மாவைக் கூப்பிட்டார்கள்.

“எதுக்குப்பா?”

“ஒண்ண எடு ஆத்தா, அம்புட்டுதான்.”

அந்த அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு இடது பொட்டலத்தைத் தொட்டார். பிறகு என்ன நினைத்தாரோ, வலது பொட்டலத்தை எடுத்தார். சித்தப்பா பிரித்தார்.

வெள்ளை நந்தியாவட்டை.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை.

“செத்த இரு” என்றார் சித்தப்பா. “அவ சரின்னுட்டா. உன் கம்ப்யூட்டர்ல என்னைக்கெல்லாம் தெரிவா?”

“எந்நேரமும் தெரியும் சித்தப்பா. ராத்திரி பகல் கிடையாது.”

“ஏலே, இங்க வாரத்துல ரெண்டு நாள்தான் நடை. மத்த நாள் அவ கண்ண மூட வேணாமா? நீ பாட்டுக்கு முழிச்சே நிக்க வச்சிருக்க!”

எட்டு வருஷமாகக் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். படத்துக்கும் நடை சாத்த வேண்டும் என்று தோன்றியதே இல்லை. இனி செவ்வாயும் வெள்ளியும் மட்டும் காட்டுவதாக ஒப்புக்கொண்டேன்.

செம்பட்டிக்கு வந்து, 10.45-க்கு ஐஎஸ்டி பூத்திலிருந்து கலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாரத்தில் ஐந்து நாள் அம்மன் இல்லை என்றால் உடைந்துபோவாள் என்று பயந்தேன்.

“அண்ணே, அப்ப மத்த நாள் பாக்காட்டி குத்தமில்லையா? போன வாரம் ரெண்டு நாள் நெட்டு வரல. வயித்துப் பிள்ளைக்கு ஏதாவது ஆயிருமோன்னு பொட்டுத் தூக்கமில்ல எனக்கு.”

அடிப்பாவி, இதை இத்தனை நாள் எங்களிடம் சொல்லவே இல்லை.

“குத்தமே இல்லம்மா” என்றேன். “அவளே தூங்குறா. நீயும் தூங்கு.”

போக நினைப்பவர்களுக்கு: செவ்வாய் அல்லது வெள்ளி, காலை ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள். திரும்பி வர ஆட்டோ கிடைக்காது, வந்த ஆட்டோவையே நிற்கச் சொல்லுங்கள். கேமராவை வெளியே எடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே படத்தை இனி செவ்வாயும் வெள்ளியும் காலை போட்டு, இரவு நானே எடுத்துவிடுவேன். மற்ற நாளில் வந்து, படம் வரவில்லை என்று பின்னூட்டம் போடாதீர்கள். நடை சாத்தியிருக்கிறது. மஸ்கட்டில் ஒருத்தி நிம்மதியாகத் தூங்குகிறாள்.